தலைப்பு எழுத்தாளர் சோதனைக் காலம்: நன்றாக எழுதுகிறவர்களும் இடறும் இடங்கள்

ஒரே தலைப்புக்கு நான்கைந்து பேரை எடுத்து, மூன்று நான்கு வாரம் சோதனையாக எழுதவிட்டு, கடைசியில் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்வது இணைய எழுத்தில் பழைய வழக்கம். 1996இல் மைனிங் கம்பெனி என்று தொடங்கி 1999இல் அபவுட்.காம் எனப் பெயர் மாற்றிக்கொண்ட தளம், ஒவ்வொரு தலைப்பையும் "வழிகாட்டி" எனப்பட்ட ஓர் எழுத்தாளரிடம் ஒப்படைத்தது. விண்ணப்பித்தவர்களைப் பயிற்சிக் காலத்தில் ஒரு மாதிரிப் பகுதியைக் கட்டச் சொல்லித்தான் அவர்களை வடிகட்டியது. தளங்கள் மாறிவிட்டன, வடிகட்டும் முறை பெரிதாக மாறவில்லை. புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகளும் மாறவில்லை.

எழுத்துப்பிழை, அடுத்தவர் கட்டுரையை எடுத்துப் போடுவது, கெடு தவறுவது ஆகியவற்றை இங்கே விட்டுவிடலாம். அவை தவறு என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாமலே செய்கிறவைதான் ஆளைக் கவிழ்க்கின்றன. உதாரணத்துக்கு நெடுக ஒரே தலைப்பை எடுத்துக்கொள்வோம்: சைக்கிள் பராமரிப்பு.

சோதனை தொடங்கிய பிறகு தலைப்பை யோசிப்பது

முதல் நாள் காலையில் "எதைப் பற்றி எழுதலாம்?" என்று உட்கார்ந்தால் அன்றைக்கே மூன்று நாள் பின்தங்கிவிட்டீர்கள். இந்த வேலை குறைந்தது இரண்டு வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஒரு ஷீட் திறந்து 60 கேள்விகளை எழுதுங்கள். கட்டுரைத் தலைப்புகள் வேண்டாம், வாசகர் வாயிலிருந்து வரும் கேள்விகளாகவே இருக்கட்டும். தேடுபெட்டியில் பாதிச் சொல்லைத் தட்டியதும் அது முன்மொழிபவை, தேடல் பக்கத்தின் நடுவில் வரும் தொடர்புடைய கேள்விகள், தயாரிப்பாளர் கையேட்டில் "பழுதும் தீர்வும்" என்றிருக்கும் பட்டியல், பழுது பார்ப்பவரிடம் ஆட்கள் உண்மையில் கேட்பது என நான்கு இடங்களில் தேடினால் 60 வந்துவிடும். பிறகு ஒவ்வொன்றையும் கேட்கிறவர் யார் என்று குறியுங்கள்: இப்போதுதான் தொடங்குகிறவரா, ஏதோ பழுதாகி நிற்கிறவரா, வாங்குவதற்கு முன் ஒப்பிடுகிறவரா? மூன்று வகையிலிருந்தும் சேர்த்து 20 எடுங்கள்.

இப்படிச் செய்யாதவர்களின் முதல் கட்டுரை பெரும்பாலும் "சைக்கிளின் வரலாறு" என்றுதான் வருகிறது. அதைத் தேடி யாரும் பராமரிப்புப் பகுதிக்கு வருவதில்லை. "பெடலை அழுத்தினால் செயின் நழுவுகிறது" என்று தவிக்கிறவர்தான் வருகிறார்.

தேர்ந்த 20 கேள்விகளுக்கும் ஒரே ஒரு வரியில் விடை எழுதிப் பாருங்கள். அந்த வரி வராத கேள்வி உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். இரண்டு கேள்விகளுக்கு ஒரே விடை வந்தால் அது ஒரே கட்டுரை. "செயினை எப்போது மாற்றுவது", "செயின் தேய்ந்ததை எப்படி அறிவது" இரண்டும் நமக்கு வேறு வேறாகத் தோன்றும், வாசகருக்கு ஒன்றுதான். இரண்டாக எழுதினால் தேடலில் உங்கள் கட்டுரையோடு உங்கள் கட்டுரையே மோதும்.

சுட்டிய இடத்தை மட்டும் திருத்துவது

நல்ல எழுத்தாளர்களை இதைப்போல வீழ்த்தும் தவறு வேறில்லை. எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் அடங்காத தவறும் இதுதான்.

காட்சி எப்போதும் ஒன்றே. முதல் கட்டுரை போகிறது. ஆசிரியர் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புகிறார்: "முதல் பத்தியில் விடை இல்லை." எழுத்தாளர் ஒரு மணி நேரத்தில் அந்தப் பத்தியைச் சரிசெய்து "முடித்துவிட்டேன்" என்று அனுப்புகிறார். வேகமான ஆள் என்று பெயரும் கிடைக்கிறது. இரண்டு நாள் கழித்து அடுத்த மூன்று கட்டுரைகள் வருகின்றன. மூன்றிலும் முதல் பத்தியில் விடை இல்லை.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஆசிரியர் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து "வேகவில்லை" என்கிறார். இவர் அந்தப் பருக்கையை மட்டும் வேகவைத்துத் திருப்பித் தருகிறார்.

இதில் போவது ஒரு கட்டுரை மட்டும் அல்ல. ஆசிரியர் மனத்தில் ஒரு கணக்கு ஓடுகிறது. ஒரே குறிப்பைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தால், கட்டுரைக்கு 40 நிமிடம் என்று வையுங்கள். வாரம் இரண்டு கட்டுரை, ஆண்டுக்கு நூறு. கிட்டத்தட்ட 67 மணி நேரம் இந்த ஒருவருக்காகவே போகும். பக்கத்தில் இன்னொருவர் சற்றே சாதாரணமாக எழுதுகிறார், ஆனால் ஒருமுறை சொன்னது அவரிடம் மறுபடி வருவதில்லை. யாரை வைத்துக்கொள்வார்கள் என்பதில் ஐயமே இல்லை. நடையைப் பிறகு மெருகேற்றலாம். குறிப்பை உள்வாங்கும் பழக்கத்தை ஆசிரியர் ஊட்ட முடியாது.

குறிப்பு எதைச் சொல்கிறது என்று கிட்டப்போய்ப் பார்ப்போம். திரும்பி வந்த பத்தி இப்படி இருக்கும்:

"சைக்கிள் ஓட்டுவது உடலுக்கும் மனதுக்கும் நல்லது. இன்று பலரும் சைக்கிள் ஓட்டத் தொடங்கியிருக்கிறார்கள். சைக்கிளின் முக்கியமான பாகங்களில் ஒன்று செயின். அதைச் சரியான நேரத்தில் மாற்றுவது மிகவும் அவசியம்."

நான்கு வாக்கியங்கள். எல்லாமே உண்மைதான், எதுவும் விடை இல்லை. திருத்திய பிறகு:

"செயினை அளந்து பாருங்கள். கண்ணிகளைக் கோக்கும் ஓர் ஊசியின் மையத்திலிருந்து 24 கண்ணி தள்ளியிருக்கும் ஊசியின் மையம் வரை, புதிய செயினில் சரியாக 12 அங்குலம் இருக்கும். அந்த நீளம் 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 அங்குலம் கூடும்வரை ஓட்டியிருந்தால் பின் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். புதுச் செயின் போட்டாலும் நழுவும்."

இங்கே கற்றுக்கொள்ள வேண்டியது செயின் பத்தியை எப்படி எழுதுவது என்பதல்ல. "தொடக்கத்தில் பொதுவான நல்ல வார்த்தைகளைப் போட்டுச் சூடேற்றிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இருக்கிறது" என்பதுதான். அது பிரேக் கட்டுரையிலும் இருக்கும், டயர் கட்டுரையிலும் இருக்கும். பல நேரம் ஒவ்வோர் உபதலைப்புக்குக் கீழேயும் முதல் வாக்கியமாக ஒளிந்திருக்கும். அங்கேயெல்லாம் போய்ப் பார்த்தால்தான் குறிப்பைப் படித்ததாக ஆகும்.

இதற்கு ஒரு திருத்தப் பதிவேடு போதும். சோதனைக் காலம் தொடங்கும் முன்பே நான்கு நெடுவரிசைகளுடன் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தேதி. இரண்டாவதில் ஆசிரியர் எழுதிய குறிப்பு, ஒரு சொல்லும் மாற்றாமல். மூன்றாவதில் அதற்குப் பின்னால் இருக்கும் பொதுவிதி, உங்கள் சொந்த வார்த்தையில். நான்காவதில் அந்த விதியை வைத்து எந்தெந்தக் கட்டுரைகளைச் சரிபார்த்தீர்கள் என்ற பட்டியல். மூன்றாவது நெடுவரிசையை நிரப்பத்தான் நேரம் பிடிக்கும். பலர் அங்கே குறிப்பையே மறுபடி எழுதிவைக்கிறார்கள். "முதல் பத்தியில் விடை இல்லை" என்பதற்கு "முதல் பத்தியில் விடை வேண்டும்" என்று எழுதினால் பாதிதான் தேறும். "முதல் இரண்டு வாக்கியத்தில் ஓர் அளவோ, ஒரு செயலோ, ஆம் அல்லது இல்லையோ இருக்க வேண்டும்" என்று எழுதினால் அடுத்த கட்டுரையை அதை வைத்தே சோதிக்க முடியும்.

பதில் அனுப்பும் விதத்திலும் இது தெரிய வேண்டும். வெறும் "சரி, மாற்றிவிட்டேன்" போதாது. "இதே குறை பிரேக், டயர் கட்டுரைகளிலும் இருந்தது, அங்கும் மாற்றிவிட்டேன். காற்றழுத்தக் கட்டுரையில் எச்சரிக்கை முதலில் வர வேண்டியிருப்பதால் அப்படியே விட்டிருக்கிறேன்" என்று இரண்டு வரி எழுதினால், ஆசிரியர் நான்கு கட்டுரைகளைத் திறந்து பார்க்கும் வேலை மிச்சம்.

எதிர்ப்பக்கமும் ஓர் ஆபத்து உண்டு. "இந்த இடத்தில் அட்டவணை வேண்டாம்" என்ற ஒரு குறிப்புக்காக எல்லாக் கட்டுரையிலும் இருந்த அட்டவணைகளைப் பிய்த்துப் போட்டுவிடுகிறார்கள். குறிப்பு அந்த இடத்துக்கு மட்டுமா, எல்லா இடத்துக்குமா என்று தெரியாவிட்டால் கேளுங்கள். ஆனால் "என்ன செய்யட்டும்?" என்று கேட்காதீர்கள். "இரண்டு வரிசைக்குக் குறைவான அட்டவணைகளை மட்டும் எடுத்துவிடலாமா?" என்று கேட்டால் ஒரு சொல்லில் பதில் வரும்.

குறிப்பு சீக்கிரம் வர நீங்களும் வழி செய்ய வேண்டும். ஐந்து கட்டுரைகளைச் சேர்த்துவைத்து ஒரே நாளில் அனுப்பினால் ஒரே தவறு ஐந்து முறை போய்ச் சேரும். முதல் வாரம் இரண்டை மட்டும் சீக்கிரமே அனுப்புங்கள், இரண்டும் வேறு வகையாக இருக்கட்டும்: ஒன்று செய்முறை, ஒன்று ஒப்பீடு. இரண்டு வகைக்கும் குறிப்பு கிடைத்த பிறகு மற்றவற்றை இறுதி செய்யுங்கள்.

இதை முன்கூட்டியே பழகவும் முடியும். உங்கள் பழைய கட்டுரைகளில் நான்கை எடுங்கள். கூசாமல் குறை சொல்லும் ஒருவரிடம் ஒன்றை மட்டும் கொடுத்து மூன்று குறிப்பு எழுதச் சொல்லுங்கள். அந்த மூன்றையும் வைத்து மற்ற மூன்று கட்டுரைகளை நீங்களே திருத்துங்கள். பிறகு நான்கையும் அவரிடமே காட்டுங்கள். முதல் தடவை பாதிக்கு மேல் தப்பிவிடும். இரண்டாம் தடவை கண் பழகியிருக்கும்.

ஸ்டைல் கைடை மேய்வது

ஸ்டைல் கைடு என்பது தளம் எழுத்தாளருக்குத் தரும் நடைவிதிக் கையேடு. அதை இரண்டு முறை முழுதாகப் படித்து, ஒரே பக்கத்துக்குச் சுருக்கி, திரைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எண், அலகு, உபதலைப்பு, படவிளக்கம், இணைப்பு ஆகிய ஐந்தில்தான் தளத்துக்குத் தளம் வேறுபாடு அதிகம்.

முதல் வாரத்திலேயே சரக்கைத் தீர்ப்பது

முதல் வாரம் 3,000 சொல்லில் இரண்டு கட்டுரை, மூன்றாம் வாரம் 500 சொல்லில் ஒன்று, நான்காம் வாரம் மன்னிப்புக் கடிதம். ஆசிரியர் குழு பார்ப்பது உங்கள் உச்சத்தை அல்ல, இந்த ஆள் அடுத்த ஆண்டு இதே நாளிலும் எழுதிக்கொண்டிருப்பாரா என்பதைத்தான்.

ஒரு கட்டுரைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று முன்பே கடிகாரம் வைத்து அளந்துகொள்ளுங்கள். தகவல் சேகரிக்க 3 மணி, எழுத 2 மணி, படத்துக்கு 1 மணி, ஏற்றிச் சரிபார்க்க 45 நிமிடம், திருத்தத்துக்கு 1 மணி என்றால் மொத்தம் 7 மணி 45 நிமிடம். வாரம் இரண்டு என்றால் பதினைந்தரை மணி. எழுதும் 2 மணியை மட்டும் கணக்கில் வைத்து ஒப்புக்கொள்கிறவர்கள்தான் இரண்டாம் வாரத்தில் திணறுகிறார்கள். தகவலும் உபதலைப்பும் தயாராக இருக்கும் நான்கு அரைக் கட்டுரைகளோடு தொடங்குங்கள். அதில் இரண்டை, காய்ச்சல் வந்தாலோ கணினி பழுதானாலோ எடுக்க, கடைசிவரை தொடாமல் வையுங்கள்.

பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதுவது

ஒரே எண் பத்துப் பக்கத்தில் இருந்தால் அது பத்து ஆதாரம் ஆகிவிடாது. ஒருவர் தவறாக எழுதியதை ஒன்பது பேர் எடுத்திருக்கலாம். டயரின் காற்றழுத்தத்தை அந்த டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் வரம்பிலிருந்து எடுங்கள். திருகை இறுக்கும் அளவைத் தயாரிப்பாளர் கையேட்டிலிருந்து எடுங்கள். எடுத்த இடத்தையும் பார்த்த தேதியையும் ஷீட்டில் குறித்துவையுங்கள்; ஆசிரியர் கேட்டால் ஒரு நிமிடத்தில் காட்ட முடிய வேண்டும்.

தனித்தனித் தீவுகள்

1997இல் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் வெளியிட்ட ஆய்வில், சோதித்தவர்களில் 79 சதவீதம் பேர் புதிய பக்கத்தை மேலோட்டமாக மேய்ந்தார்கள், சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதம்தான். ஆகவே உபதலைப்புகளை மட்டும் படித்தாலே விடையின் எலும்புக்கூடு தெரிய வேண்டும். "சில குறிப்புகள்" என்ற உபதலைப்பு எதையும் சொல்வதில்லை. "எண்ணெய் விடும் முன் செயினைத் துடையுங்கள்" என்பது சொல்கிறது.

படித்து முடித்தவர் அடுத்து எங்கே போக வேண்டும்? செயினை மாற்றியும் நழுவுகிறது என்றால் பல்சக்கரக் கட்டுரைக்கு. அந்த இணைப்பு அந்த வாக்கியத்திலேயே இருக்க வேண்டும், "இங்கே கிளிக் செய்யவும்" என்று அல்ல, "தேய்ந்த பல்சக்கரத்தைக் கண்டுபிடிப்பது" என்ற சொற்களின் மேல். பத்துக் கட்டுரை முடிந்ததும் ஒரு தாளில் வட்டம் போட்டுக் கோடு இழுத்துப் பாருங்கள். ஒரு கோடும் வராத வட்டம் இருந்தால் அந்தக் கட்டுரைக்கு வாசகர் வந்து சேர வழியே இல்லை.

தேடலில் கிடைத்த படம்

உங்கள் படம் அல்ல. பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் என்சி (NC) என்றிருந்தால் வணிகப் பயன்பாடு கூடாது, என்டி (ND) என்றிருந்தால் மாற்றி வெளியிடக் கூடாது. சோதனைக்கு முன்பே பகல் வெளிச்சத்தில் 30 படம் நீங்களே எடுத்துவையுங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவி

தளத்தின் விதி என்னவென்று முதல் நாளே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

போட்டியாளர் என்ன எழுதுகிறார் என்று பார்ப்பது

வேண்டாம்.

ஒப்பந்தத்தைக் கடைசியில் படிப்பது

கையெழுத்திடும் முன் நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். சோதனைக் காலத்துக்குக் கட்டணம் உண்டா? தேர்வாகாவிட்டால் கட்டுரைகளின் உரிமை யாருக்கு? அவற்றை வேறு இடத்தில் வெளியிடலாமா, எத்தனை நாள் கழித்து? சோதனை நடக்கும்போது அதே தலைப்பில் வெளியே எழுதத் தடை உண்டா?

உரிமை தளத்துக்கே என்றிருந்தால், உங்கள் தனிப்பட்ட ஆய்வுக் குறிப்புகளும் வெட்டித் திருத்தாத மூலப் படங்களும் அதில் அடங்குமா என்று தனியாகக் கேளுங்கள். அடங்காது என்ற பதில் வந்தால், கட்டுரைகளைத் தளத்தின் உள்ளீட்டுப் பெட்டியில் நேராகத் தட்டாமல் உங்கள் கணினியில் எழுதிப் பிறகு ஏற்றுங்கள். கேள்வி ஷீட், ஆதாரப் பட்டியல், படங்கள், திருத்தப் பதிவேடு எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் வையுங்கள். சோதனைக் காலம் முடிந்த அன்றே உள்நுழைவை மூடிவிடும் தளங்களும் உண்டு.