பில்லில் யார் பெயர்? பிரிட்டனில் கரண்ட், காஸ் கட்டணத்துக்கு அரசு உதவி பெறும் வழி

என் பெரியம்மா லண்டனில் மகனோடு இருக்கிறார். கரண்ட் பில்லில் கழியும் 150 பவுண்ட் அரசுத் தள்ளுபடியை இரண்டு குளிர்காலம் தவறவிட்டார். மற்றத் தகுதியெல்லாம் இருந்தது. வீட்டுக் கரண்ட் பில்லையும் மாதாமாதம் தன் பென்ஷன் காசில் அவர்தான் கட்டினார். ஆனால் பில் மகன் பெயரில் இருந்தது. இந்த ஒரு விஷயத்தில்தான் நம் வீடுகளில் பலர் இடறுகிறார்கள், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கீழே உள்ளவை இங்கிலாந்து, வேல்ஸ் விதிகள். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சில மாறும். தொகைகள் 2025–26க்கு உரியவை.

படி 1: பில்லை எடுத்துப் பாருங்கள்

பெயர், கணக்கு எண், எந்தக் கம்பெனி என்று பாருங்கள். பிறகு மீட்டர் அளவுக்குப் பக்கத்தில் "எஸ்டிமேட்டட்" என்று போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். அப்படிப் போட்டிருந்தால் யாரும் மீட்டரைப் பார்க்கவில்லை, குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். மீட்டரை போனில் படம் எடுத்து அந்த எண்ணைக் கம்பெனிக்கு அனுப்புங்கள். சில நேரம் இதிலேயே பில் இறங்கிவிடும். கூடலாம் என்பதும் உண்மைதான், ஆனால் சரியான கணக்கு தெரியாமல் பேசப் போக முடியாது.

இன்னொன்று: உங்கள் பக்கம் தவறு இல்லாத நிலையில், 12 மாதத்துக்கு முன் செலவான மின்சாரத்துக்கோ காஸுக்கோ இப்போது திடீரென்று முதல் தடவையாக பில் போட முடியாது. பழைய கணக்கென்று பெரிய தொகை வந்தால் இந்த விதியைச் சொல்லுங்கள்.

படி 2: முதலில் வாசல் கதவு

குளிர்கால உதவிகளில் பெரும்பாலானவை வேறொரு அரசு உதவி வாங்குபவர்களுக்குத் தானாக வருபவை. அந்த முதல் உதவிதான் வாசல். வருமானம் குறைந்த உழைக்கும் வயதுக்காரர்களுக்கு அது பெரும்பாலும் யுனிவர்சல் கிரெடிட். வயதானவர்களுக்கு பென்ஷன் கிரெடிட். தகுதி இருந்தும் கேட்காமல் விட்டவர்கள் அதிகம் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பென்ஷன் கிரெடிட் வார வருமானத்தை நிரப்பிக் கொடுக்கும். 2025–26இல் தனியாள் என்றால் 227.10 பவுண்ட் வரை, தம்பதி என்றால் 346.60 வரை. ஊனம் காரணமாக உதவித்தொகை வாங்குபவர்களுக்கும் பிறரைப் பராமரிப்பவர்களுக்கும் இந்த எல்லை உயரலாம். தம்பதியில் ஒருவர் இன்னும் பென்ஷன் வயதை எட்டவில்லை என்றால் பொதுவாக யுனிவர்சல் கிரெடிட் பக்கம்தான் போக வேண்டும்.

"மகன் நல்லா உழைக்கிறான், எனக்கு எங்கே தரப் போறாங்கள்?" என்று பெரியம்மாவும் கேட்டார். கூட இருக்கும் வளர்ந்த பிள்ளையின் சம்பளத்தை உங்கள் வருமானமாகக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். குடியிருக்கும் சொந்த வீடும் கணக்கில் வராது. சேமிப்பு 10,000 பவுண்டுக்குள் இருந்தால் அதையும் பார்ப்பதில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 500 பவுண்டுக்கும் வாரம் 1 பவுண்ட் வருமானம் என்று வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

0800 99 1234 என்ற இலவச எண்ணில் விண்ணப்பிக்கலாம். தேசியக் காப்புறுதி எண், வங்கி விவரம், சேமிப்பு, வருமான விவரம் கையில் இருக்கட்டும். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். தகுதி முன்பே இருந்திருந்தால் 3 மாதம் வரை பின்தேதியிட்டும் தருவார்கள்.

படி 3: 150 பவுண்ட் தள்ளுபடி

இதன் பெயர் வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட். காசாகக் கைக்கு வராது, கரண்ட் பில்லில் கழியும். 2025–26க்கு 2025 ஆகஸ்ட் 24 அன்று இரண்டு விஷயம் பொருந்தியிருக்க வேண்டும்: மேலே சொன்னது போன்ற வருமானம் சார்ந்த உதவி ஒன்றை வாங்கியிருக்க வேண்டும், பில்லில் உங்கள் பெயரோ துணையின் பெயரோ இருக்க வேண்டும். உங்கள் கம்பெனி திட்டத்தில் சேர்ந்திருக்கவும் வேண்டும், பெரிய கம்பெனிகள் எல்லாம் சேர்ந்திருக்கின்றன.

எனவே பில்லை உண்மையில் அம்மாதான் கட்டுகிறார் என்றால், அவர் பெயரை அடுத்த கோடைக்குள் சேர்த்துவிடுங்கள். சும்மா பெயர் மாற்றும் வேலை வேண்டாம். பெயர் போட்டவர்தான் கடனுக்கும் பொறுப்பு.

காசு போட்டு ஏற்றும் பழைய மீட்டர் வீடுகளுக்கு இது வவுச்சராக வரலாம். விளம்பரத் தாள் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், அதற்குக் காலக்கெடு உண்டு.

படி 4: குளிருக்கான மற்றப் பணம்

விண்டர் ஃபியூயல் பேமெண்ட், 2025–26க்கு 1959 செப்டம்பர் 22க்கு முன் பிறந்தவர்களுக்கு. வீட்டுக்கு 200 பவுண்ட், 80 வயதோ அதற்கு மேலோ ஆனவர் இருந்தால் 300. வாங்குபவரின் ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுக்கு மேல் போனால் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். கோல்ட் வெதர் பேமெண்ட், பென்ஷன் கிரெடிட் வாங்குபவர்களுக்கும் வேறு சில உதவிகள் வாங்குவோரில் ஒரு பகுதியினருக்கும். நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, உங்கள் பகுதியில் தொடர்ந்து 7 நாள் சராசரி வெப்பம் பூச்சியம் அல்லது அதற்குக் கீழே போனால் 25 பவுண்ட்.

பெரும்பாலும் இவை தாமாகவே வங்கிக்கு வரும். "உடனே விண்ணப்பியுங்கள்" என்று லிங்க்கோடு குறுஞ்செய்தி வந்தால் அழித்துவிடுங்கள்.

படி 5: ஏற்கெனவே கடன் ஏறிவிட்டால்

கம்பெனியிடமிருந்து ஒளியாதீர்கள். நீங்களே அழையுங்கள். "முழுத் தொகையும் ஒரே தடவையில் கட்ட முடியாது, என் வரவு செலவு இது, மாதம் இவ்வளவுதான் முடியும்" என்று எண்ணோடு சொல்லுங்கள். உங்களால் கட்டக்கூடிய தவணையைப் பேசி முடிவு செய்வது அவர்கள் கடமை. வாய்க்கு வந்த பெரிய தொகைக்கு வெட்கத்தில் ஒப்புக்கொண்டு மறுமாதமே தவறவிடுவதுதான் மோசம். வீட்டில் முதியவர், நோயாளி, சிறு குழந்தை இருந்தால் கூடுதல் உதவி தேவைப்படுபவர்களுக்கான முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் சேர்க்கச் சொல்லுங்கள், அது இலவசம்.

கடன் பல பக்கம் என்றால் கடன் ஆலோசகர் மூலம் பிரீதிங் ஸ்பேஸ் கேட்கலாம், 60 நாள் வரை கடன் கொடுத்தவர்கள் நெருக்காமல் மூச்சுவிட இடம் கிடைக்கும். இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் எண் 0808 223 1133. உள்ளூர் கவுன்சிலிடமும் அவசர உதவி உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

விசாவில் "பொது நிதி உதவி பெற முடியாது" என்ற நிபந்தனை உள்ளவர்கள் மட்டும் படி 2ஐத் தொடுவதற்கு முன் குடிவரவு ஆலோசகரிடம் கேளுங்கள். கம்பெனியிடம் தவணை பேசுவதற்கு அந்த நிபந்தனை தடையில்லை.