முகாமில் குடிநீர்: ஆற்றிலிருந்து கோப்பை வரை

2009ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் வன்னிப் போரிலிருந்து வெளியேறியவர்களுள் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர், வவுனியா மாவட்டத்தின் செட்டிகுளத்தில் காடு வெட்டித் துப்புரவாக்கப்பட்ட மெனிக்பாம் முகாம்களுக்குச் சில வாரங்களுக்குள் கொண்டுவரப்பட்டனர். ஒரு நகரத்தளவு மக்கள் இருந்தார்கள். நகரத்துக்குரிய குழாய்களோ கழிவு வாய்க்கால்களோ இருக்கவில்லை. பக்கத்தில் ஓடிய அருவியாறு, சிங்களத்தில் மல்வத்து ஓயா எனப்படுவது, அம்முகாம்களின் பிரதான நீர்மூலங்களுள் ஒன்றாயிற்று. அத்தகைய ஆற்று நீரை ஒரு குழந்தையின் கோப்பைவரை நோயின்றிக் கொண்டுசேர்ப்பது எப்படி என்பதை, இப்பணிக்கு முதன்முறையாக வரும் தொண்டர்களுக்கும் முகாம் நீர்க்குழுவினருக்கும் பயன்படும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவு, பிறகு தூய்மை

உதவ வருபவர்கள் பெரும்பாலும் சுத்திகரிப்பு இயந்திரத்தைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு எத்தனை லீற்றர் கிடைக்கிறது என்பதே. 1994 ஜூலையில் ருவாண்டாவிலிருந்து அயல்நாடான சயீரின் (இன்றைய கொங்கோ ஜனநாயகக் குடியரசு) கோமா நகரப் பகுதிக்குள் சில நாட்களில் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் வந்து சேர்ந்தபோது, அவர்கள் கீவு ஏரி நீரை அப்படியே அள்ளிக் குடிக்க நேர்ந்தது. எரிமலைப் பாறை நிலமாதலால் மலசலகூடக் குழிகளைத் தோண்டுவதும் கடினமாயிருந்தது. முதல் மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 50,000 பேர் இறந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலானோரைக் கொண்டுபோனவை வாந்திபேதியும் இரத்தக்கழிச்சலுமே. கை கழுவவும் பாத்திரம் கழுவவும் போதிய நீர் இல்லாத இடத்தில், குடிக்கும் நீர் எவ்வளவு தூயதாக இருந்தாலும் நோய் வேறு வழியால் வந்துவிடுகிறது.

அவசரகால உதவிப் பணிக்கான ஸ்பியர் நியமங்கள் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் என்கின்றன. அதில் குடிப்பதற்கு 2.5 முதல் 3 லீற்றர் போதும். எஞ்சியது சமையலுக்கும் உடல் தூய்மைக்கும். ஒரு குழாய்க்கு 250 பேர், ஒரு கைப்பம்புக்கு 500 பேர், கூடாரத்திலிருந்து நீர் எடுக்கும் இடம் 500 மீற்றருக்குள், வரிசையில் காத்திருப்பது அரை மணி நேரத்துக்கு மேற்படாமல் என்பவை மற்ற அளவுகள். 250 பேர் என்ற கணக்கு, குழாய் நிமிடத்துக்கு 7.5 லீற்றர் ஊற்றினால் மட்டுமே பொருந்தும்: 250 பேருக்கு 3,750 லீற்றர், அதாவது எட்டு மணி நேரத்துக்கும் சற்று அதிகமாக இடைவிடாமல் ஓட வேண்டும். அமுக்கம் குறைந்து நூல்போல நீர் வடிந்தால், குழாய்களின் எண்ணிக்கை தாளில் சரியாக இருந்தும் வரிசை நகராது. ஆகையால் ஒரு வாளியையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு குழாயடியிலும் நீங்களே அளந்து பாருங்கள்.

பவுசரில் நீர் கொண்டுவருவது முதல் நாட்களுக்கான வழி மட்டுமே. 20,000 பேருக்கு நாளொன்றுக்கு 300,000 லீற்றர் வேண்டும். 10,000 லீற்றர் பவுசராயின் முப்பது நடை. ஒரு மழை பெய்து பாதை சேறானால் அம்முப்பதில் பாதி வராது. எனவே பவுசர் ஓடத் தொடங்கும் நாளிலேயே ஆற்று நீரை இறைத்துத் தெளிய வைப்பதற்கோ குழாய்க்கிணறு அடிப்பதற்கோ உரிய வேலையையும் தொடங்கிவிட வேண்டும். வரட்சி வலயத்துக் குழாய்க்கிணறுகள் சிலவற்றில் புளோரைட்டு மிகுதியாக உண்டு. அதைக் குளோரீனும் கொதிக்க வைத்தலும் நீக்கா. ஆகவே நிரந்தர மூலமாகத் தெரிவு செய்யுமுன் ஆய்வுகூடத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

மலசலகூடக் குழிகள் நீர்மூலத்திலிருந்து குறைந்தது 30 மீற்றர் தள்ளியும், குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்கு 1.5 மீற்றர் மேலாகவும் இருக்க வேண்டும். கோடையில் இடம் பார்ப்பவர்கள் இதில் ஏமாந்துவிடுகிறார்கள். மெனிக்பாமில் 2009 ஆகஸ்டு நடுப்பகுதியில் ஓரிரு நாள் பெய்த மழைக்கே கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்து மலசலகூடங்கள் பொங்கி வழிந்தன. மாரி அப்போது தொடங்கியிருக்கவுமில்லை. மழைநீர் எத்திசையில் ஓடும் என்பதை அவ்வூர் விவசாயி ஒருவரிடம் கேட்டால், வரைபடம் சொல்லாததையும் அவர் சொல்வார்.

கலங்கலை நீக்குதல்

கலங்கல் நீரில் குளோரீனைக் கொட்டுவது வீண்வேலை. மண்ணும் சேதனப் பொருளும் குளோரீனைத் தின்றுவிடும். அவற்றுக்குள் ஒளிந்த கிருமி தப்பிவிடும். கலங்கல் அளவு 5 என்.டி.யூ.வுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) கீழே வந்த பின்னரே குளோரீனிட வேண்டும்.

நம் வீடுகளில் தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து நீரைத் தெளிய வைத்தார்கள். முகாமில் அதே வேலையைப் பெரிய தாங்கியில் படிகாரம் செய்கிறது. ஒரு லீற்றர் நீரில் 10 கிராம் படிகாரத்தைக் கரைத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவான ஐந்து கண்ணாடிப் போத்தல்களில் ஒவ்வொரு லீற்றர் ஆற்று நீரை எடுத்து, அக்கரைசலில் முறையே 2, 4, 6, 8, 10 மில்லிலீற்றர் சேர்த்து, ஒரு நிமிடம் விரைவாகவும் பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்கி, ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். எந்தப் போத்தலில் குறைந்த படிகாரத்தால் நீர் நன்றாகத் தெளிந்ததோ அதுவே அன்றைய அளவு. 6 மில்லிலீற்றர் போதுமாயின் லீற்றருக்கு 60 மில்லிகிராம்; 10,000 லீற்றர்த் தாங்கிக்கு 600 கிராம். அன்றைய அளவு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: மேலே எங்கோ மழை பெய்தால் ஆற்றின் நிறம் மறுநாளே மாறிவிடும், அப்போது பரிசோதனையை மீண்டும் செய்ய வேண்டும். தெளிந்த நீரை அடிச்சேற்றுக்கு மேலிருந்தே எடுத்து வேறொரு தாங்கிக்கு மாற்றுங்கள்.

தாங்கியே இல்லாத முதல் சில நாட்களில், பழைய பருத்திச் சேலையை நான்கு அல்லது எட்டு மடிப்பாக்கி வடிகட்டச் சொல்லலாம். வங்காளதேசத்தின் மாத்லாப் பகுதிக் கிராமங்களில் இம்முறையால் வாந்திபேதி ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. பலமுறை துவைத்து நைந்த சேலையே நல்லது. அதன் இழைகளுக்கு இடையிலான துளைகள் சிறியவை. ஆனால் தேத்தாங்கொட்டையோ படிகாரமோ சேலையோ கிருமியை முற்றாக நீக்குவதில்லை. தெளிந்த நீரைக் கண்டு ஏமாறக் கூடாது.

குளோரீன்

கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று அறிவிப்பது எளிது. ஒரு லீற்றர் நீரைக் கொதிக்க வைக்க ஏறத்தாழ ஒரு கிலோ விறகு வேண்டும் என்பதையும், விறகுக்காகக் காட்டுக்குள் போக வேண்டியவர்கள் பெண்களும் பிள்ளைகளுமே என்பதையும் எண்ணிப் பார்த்தால் அவ்வறிவுரையை விடுவோம். முகாமுக்குக் குளோரீனே பொருத்தம்.

65 முதல் 70 சதவீத வீரியமுள்ள குளோரீன் தூளாயின் லீற்றருக்கு 15 கிராம், 30 சதவீத வெளிற்றும் தூளாயின் 33 கிராம் கரைத்தால் ஒரு சதவீதக் கரைசல் கிடைக்கும். உலோகப் பாத்திரத்தைப் பயன்படுத்தாதீர்கள். நீரில் தூளை இட வேண்டும். தூளின்மேல் நீரை ஊற்றக் கூடாது. காற்றோட்டமான இடத்தில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து இதைச் செய்யுங்கள். அடியில் சுண்ணாம்பு படிந்த பின் மேலேயுள்ள தெளிவை மட்டும் எடுங்கள். திறந்த மூட்டை வெயிலிலும் ஈரத்திலும் விரைவாக வீரியம் இழக்கும். மூட்டையில் அச்சிட்ட சதவீதத்தை நம்பி அளவிட்டவர்களின் முகாம்களில் வயிற்றோட்டம் வந்த பின்னரே தூள் பழையது என்று தெரியவரும்.

அளவைத் தீர்மானிக்க நான்கு வாளிகளில் 20 லீற்றர் வீதம் தெளிந்த நீர் எடுத்து, 1, 1.5, 2, 2.5 மில்லிலீற்றர் கரைசலை ஊற்றிக் கலக்கி, மூடி, அரை மணி நேரம் கழித்து எச்சக் குளோரீனை, அதாவது நீரில் இன்னும் எஞ்சியிருக்கும் குளோரீனை, அளவிடுங்கள். நீச்சல் தடாகங்களுக்குப் பயன்படும், இளஞ்சிவப்பு நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் சிறு பெட்டியே இதற்குப் போதும். குழாயில் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் எச்சம் என்பது பொதுவான நியமம். அதைத் தரும் வாளியில் 2 மில்லிலீற்றர் ஊற்றியிருந்தால், 10,000 லீற்றர்த் தாங்கிக்கு ஒரு லீற்றர் கரைசல் இட்டு, அரை மணி நேரம் கழித்தே குழாயைத் திறக்க வேண்டும்.

இந்த நியமம் வெப்பமான முகாமுக்குப் போதாது என்பதே என் கருத்து. 2013இல் தென் சூடானின் முகாம்களில் குழாயிலிருந்து கூடாரம்வரை தொடர்ந்து அளந்த ஆய்வாளர்கள், பத்து மணி நேரத்துக்குப் பின்னும் கூடாரத்து நீரில் 0.2 மில்லிகிராம் எஞ்ச வேண்டுமானால் குழாயில் 1 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். காலையில் பிடித்த நீரை இரவில் எழுந்து குடிக்கும் பிள்ளையைக் காப்பது இந்த எச்சமே. ஆனால் அளவைத் திடீரென்று கூட்டினால், மருந்து மணக்கிறதென்று மக்கள் ஆற்றுக்கே போய்விடுவார்கள். ஓரிரு வாரங்களில் சிறிது சிறிதாகக் கூட்டி, அந்த வாடை எதற்கென்று நீர்க்குழுப் பெண்கள் வீடுவீடாகச் சொன்னால் பழகிவிடும்.

கானும் வாளியும்

குழாயோடு தங்கள் பொறுப்பு முடிந்ததென்று பொறியியலாளர்கள் எண்ணும் இடத்தில்தான் நீர் மீண்டும் கெடுகிறது. மலாவியில் மொசாம்பிக் அகதிகள் இருந்த நியாமித்துத்து முகாமில் 1993இல் நடந்த ஆய்வில், கிணற்றிலிருந்து வந்த நீர் ஏறத்தாழ தூய்மையாகவே இருந்தது; வாளியில் கை பட்டதும் கெட்டது. ஒடுங்கிய வாயும் ஊற்றுக்குழலும் உள்ள 20 லீற்றர் வாளி கொடுக்கப்பட்ட குடும்பங்களின் நீரில் மலக்கிருமி 69 சதவீதமும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் வயிற்றோட்டம் 31 சதவீதமும் குறைந்தன. நன்கொடையாளர் ஒருவர் எதை வாங்கித் தரட்டும் என்று கேட்டால், மூடியும் திருகுகுழாயும் உள்ள வாளி என்றே நான் சொல்வேன்.

ஒரு குடும்பத்துக்குக் குறைந்தது இரண்டு கலங்கள் வேண்டும்: ஒன்று நீர் எடுத்துவர, மற்றது சேமித்து வைக்க. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 75 லீற்றர். இருபது லீற்றர்க் கானில் நான்கு நடை. தாங்கி நிறைய நீர் இருந்தும் கூடாரத்தில் தட்டுப்பாடு நிலவுவதற்குப் பெரும்பாலும் கலமின்மையே காரணம். நிறைந்த கான் இருபது கிலோ. சிறுவர்களுக்கும் முதியோருக்கும் பத்து லீற்றர்க் கான்களையும் கலந்து வழங்குங்கள். குழாயடியை எங்கே அமைப்பது, எந்நேரம் திறப்பது என்பவற்றைப் பெண்களைக் கேட்டே முடிவு செய்யுங்கள். இருட்டிய பின் வரிசையில் நிற்கும்படி செய்யாதீர்கள். சிந்தும் நீர் வடிய ஊறுகுழி இல்லையென்றால் நுளம்பு பெருகும்.

கான்களை வாரம் ஒருமுறை சவர்க்காரமும் மணலும் இட்டுக் குலுக்கிக் கழுவி, ஒரு பங்கு ஒரு சதவீதக் கரைசலுக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்து உள்ளே அரை மணி நேரம் நிற்கவிட்டு, பின் நல்ல நீரால் அலச வேண்டும்.

தாங்கி, குழாய், கூடாரம் ஆகிய மூன்று இடங்களிலும் எச்சக் குளோரீனை நாள்தோறும் அளந்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். கூடாரத்து எண்ணை எழுதாத கொப்பியால் பயனில்லை. வயிற்றோட்ட நோயாளர் எண்ணிக்கையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு அதே பக்கத்தில் குறித்தால், எந்தக் குழாயடியில் பிழை என்பது சில நாட்களில் தெரிந்துவிடும்.

குடும்பங்கள் ஊர் திரும்பத் தொடங்கியதும் வீட்டுக் கிணறுகளின் கேள்வி எழும். கண்ணிவெடி அகற்றுவோர் அனுமதித்த பின்னரே கிணற்றை நெருங்க வேண்டும். குப்பையை அகற்றி, நீரை இறைத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, ஊறிய நீரில் மிகுதியான குளோரீன் இட்டு ஓர் இரவு விட்டு, வாடை நீங்கும்வரை மீண்டும் இறைக்க வேண்டும். ஆனால் கரையோரக் கிணறுகளைப் பெரிய பம்பு வைத்து ஒரேயடியாக வற்ற இறைக்காதீர்கள். நன்னீர் அங்கே உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது, அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலேறிவிடும்.