வெங்காய வேர்நுனியில் செல் பிரிதலைக் காண்பது எப்படி?

பாடநூலில் புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்று நான்கு படங்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் படங்களைப் பிழையின்றி வரையத் தெரிந்த மாணவர்கள்கூட, முதன்முறையாக நுண்ணோக்கி வழியே ஒரு வேர்நுனியைப் பார்க்கும்போது, எந்தச் செல் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல முடியாமல் திகைத்து நிற்பதைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். அங்கே செல்கள் வரிசையாக நிற்பதும் இல்லை, அசைவதும் இல்லை. பிரிந்துகொண்டிருந்த நூற்றுக்கணக்கான செல்கள் ஒரே கணத்தில் நிறுத்தப்பட்டு, ஒவ்வொன்றும் அந்தக் கணத்தில் இருந்த நிலையிலேயே கிடக்கின்றன. அவற்றை மனத்துக்குள் வரிசைப்படுத்திப் படிக்கக் கற்றுக்கொள்வதே இந்தச் செய்முறையின் உண்மையான வேலை. அதற்கு முதலில் நல்லதொரு ஸ்லைடைத் தயாரிக்க வேண்டும்.

வேர்நுனிக்குப் போவதற்கு முன், அதே வெங்காயத்தின் சதைப்பற்றான இதழிலிருந்து மெல்லிய உட்தோலை உரித்து, ஒரு சொட்டு நீர்த்த அயோடினில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. செங்கற்களை அடுக்கியதுபோல் நீண்ட செல்களும், அவற்றைச் சூழ்ந்த செல் சுவரும், ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும் சிறிய உட்கருவும் தெரியும். செல்லின் பெரும்பகுதியை நீர் நிறைந்த நுண்குமிழ் அடைத்துக்கொண்டிருப்பதால்தான் உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. இவை உணவையும் நீரையும் சேமித்து வைப்பதற்காக முதிர்ந்துவிட்ட செல்கள். இவற்றில் எத்தனை மணி நேரம் தேடினாலும் ஒரு பிரிதல்கூடக் கிடைக்காது. இதைக் கண்ணால் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டால், வேர்நுனியில் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும் பகுதியான ஆக்குத்திசுவின் செல் எப்படி வேறுபடுகிறது என்பது பிறகு விளக்காமலேயே புரியும்.

வெங்காயத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதன் ஒவ்வொரு உடற்செல்லிலும் 16 குரோமோசோம்களே இருக்கின்றன. அவை அளவிலும் பெரியவை. மனித மரபணுத்தொகுதியைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு டி.என்.ஏ. வெங்காயத்துக்கு இருக்கிறது என்பதை முதலில் கேட்பவர்கள் நம்ப மறுப்பார்கள். அத்தனையும் வெறும் 16 குரோமோசோம்களுக்குள் அடங்கியிருப்பதால், பள்ளி ஆய்வகத்தின் எளிய நுண்ணோக்கியிலேயே அவை தடித்த இழைகளாகத் தெரிகின்றன. நம் வீடுகளில் புழங்கும் சின்ன வெங்காயமும் இதே இனத்தைச் சேர்ந்தது, அதற்கும் 16 குரோமோசோம்கள்தான். சிறிய குப்பியின் வாயில் கச்சிதமாகப் பொருந்துவதால் நான் பெரும்பாலும் அதையே பயன்படுத்துகிறேன்.

வெங்காயத்தின் அடித்தட்டில் ஒட்டியிருக்கும் காய்ந்த பழைய வேர்களைப் பிளேடால் மெதுவாகச் சீவி எடுக்க வேண்டும். புதிய வேர்கள் அந்தத் தட்டின் விளிம்பிலிருந்துதான் கிளம்பும் என்பதால் ஆழமாக வெட்டிவிடக் கூடாது. பிறகு அடித்தட்டு மட்டும் நீரைத் தொடுமாறு குப்பியின் வாயில் வைத்து, வெயில் படாத இடத்தில் விட்டு, நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். குளோரின் கலந்த குழாய்நீர் என்றால் ஓர் இரவு திறந்து வைத்துப் பிறகு பயன்படுத்துங்கள். இரண்டு மூன்று நாட்களில் 2 செ.மீ. அளவுக்கு வெண்மையான வேர்கள் வந்துவிடும். முளைப்பதைத் தடுப்பதற்காகக் காமாக் கதிர் பாய்ச்சப்பட்ட வெங்காயமும் சந்தைக்கு வருவதுண்டு. மகாராட்டிரத்தின் லாசல்கானில் அதற்கென ஒரு நிலையமே இருக்கிறது. அப்படிப்பட்ட வெங்காயத்தின் வளர்ச்சியைப் பெரிதும் நம்ப முடியாது. எனவே ஒரே கடையில் வாங்கியவற்றை மட்டும் வைக்காமல் இரண்டு மூன்று இடங்களில் வாங்கி வைப்பது பாதுகாப்பானது.

வேர்களைக் காலை வேளையில் வெட்டி எடுப்பதே வழக்கம். வெட்டியவுடன், ஒரு நிமிடமும் தாமதிக்காமல், 3 பங்கு எத்தனாலும் 1 பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலமும் கலந்த நிலைநிறுத்தியில் போட வேண்டும். செல்களை அந்தக் கணத்திலேயே நிறுத்துவது இந்தக் கலவைதான். இதை அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும். பழைய கலவையில் ஆல்கஹாலும் அமிலமும் ஒன்றோடொன்று வினைபுரிந்து எஸ்டராக மாறியிருக்கும். 24 மணி நேரம் கழித்து வேர்களை 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டால் பல வாரங்களுக்குக் கெடாது.

அடுத்தது, செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் பசையைக் கரைக்கும் படி. சேமித்த வேரை நீரில் கழுவி, 60 டிகிரி செல்சியஸில் வைத்த 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 முதல் 8 நிமிடங்கள் வைக்க வேண்டும். 100 மி.லி. கரைசலுக்கு அடர் அமிலம் ஏறத்தாழ 8.3 மி.லி. போதும். எப்போதும் நீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை ஊற்றவே கூடாது; கையுறையும் கண்ணாடியும் அணியாமல் இந்தப் படிக்கு எந்த மாணவரையும் அனுமதிக்காதீர்கள். நேரம் குறைந்தால் திசு விறைப்பாக இருந்து நசுங்க மறுக்கும். கூடினால் நுனி கூழாகி, இடுக்கியால் தூக்கும்போதே உதிர்ந்துவிடும். வெப்பநிலையைச் சீராக வைக்கும் நீர்த்தொட்டி இல்லாத ஆய்வகங்களில், கடிகாரக் கண்ணாடி ஒன்றில் 9 பங்கு சாயத்துடன் 1 பங்கு அமிலம் கலந்து, வேரை அதில் இட்டு, ஸ்பிரிட் விளக்கின் மேல் ஆவி வரும்வரை மட்டும் காட்டி, கொதிக்க விடாமல் இறக்கி ஆறவைத்தால் சாயமேற்றலும் பசை கரைதலும் ஒருசேர நடந்துவிடும். எத்தனால் குப்பியை அந்த விளக்கின் பக்கத்தில் வைத்திருக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அவசரத்தில் எல்லோரும் மறப்பது அதைத்தான்.

சாயமாக 45 சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்த 1 சதவீத அசிட்டோகார்மைன் போதும். கள்ளிச்செடிகளின்மேல் வாழும் கோச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கப்படும் சிவப்பு இது. மிகச் சிறிதளவு இரும்பு சேர்ந்தால் குரோமோசோம்களின் நிறம் நன்றாக ஆழமாகும் என்பதால், வேர்நுனியைச் சாயத்தில் வைத்து இரும்பு ஊசியால் கிளறுவது ஆய்வகங்களில் பழைய பழக்கம். அரை மணி நேரம் ஊறியபின் பார்த்தால், வேரின் கடைசி 1 முதல் 2 மி.மீ. மட்டும் மற்ற பகுதியைவிட அடர்ந்த சிவப்பாக இருக்கும். சிறிய செல்களும் பெரிய உட்கருக்களும் நெருங்கி நிற்கும் ஆக்குத்திசு அதுதான்.

பெரும்பாலான தோல்விகள் இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. நானே மாணவனாக இருந்தபோது, நிறைய திசு இருந்தால் நிறைய செல்கள் தெரியும் என்று எண்ணி, வேரில் அரை செ.மீ. துண்டை அப்படியே நசுக்கி, ஒரு பிற்பகல் முழுவதும் நீண்ட வெற்றுச் செல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நுனிக்கு மேலே இருப்பது நீட்சிப் பகுதி; அங்கே செல்கள் நீரை உறிஞ்சி நீள்கின்றனவே தவிரப் பிரிவதில்லை. அதற்கும் மேலே வேர்த்தூவிகளை விட்டு உறிஞ்சும் பணியில் இறங்கிவிட்ட செல்கள். ஆகவே அடர்ந்த நுனியை மட்டும் ஸ்லைடில் விட்டு, மீதியைப் பிளேடால் வெட்டி அப்புறப்படுத்திவிடுங்கள். வெட்டிய துண்டு கடுகைவிடச் சிறியதாக இருந்தால் அளவு சரி.

அதன்மேல் ஒரு சொட்டு 45 சதவீத அசிட்டிக் அமிலம் அல்லது புதிய சாயம் விட்டு, ஊசியால் சற்றுக் கலைத்து, காற்றுக்குமிழ் வராமல் கவர் ஸ்லிப்பைச் சாய்த்து இறக்க வேண்டும். பென்சிலின் பின்முனையால் நேர்செங்குத்தாக மெதுவாகத் தட்டத் தட்ட, திசு மங்கலான சிவப்புப் புகைபோலப் பரவுவதைக் காணலாம். பிறகு ஸ்லைடை வடிதாளுக்கு இடையில் வைத்துப் பெருவிரலால் ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். அப்போது கவர் ஸ்லிப் பக்கவாட்டில் இம்மியும் நகரக் கூடாது. நகர்ந்தால் செல்கள் கயிறுபோலத் திரிந்து, குரோமோசோம்கள் இழுபட்டு, எந்த நிலை என்று அடையாளமே தெரியாமல் போய்விடும். செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒற்றை அடுக்காகப் பரவியிருந்தால்தான் மேற்கொண்டு பார்ப்பதில் பயன் உண்டு. செல்லின் சைட்டோபிளாசமும் சிவந்து போயிருந்தால், ஸ்லைடைச் சுடரின்மேல் ஓரிரு முறை விரைவாகக் காட்டினால் தெளியும்.

முதலில் 10 மடங்கு பொருளருகு லென்ஸில் சதுர வடிவச் சிறு செல்கள் கூட்டமாக இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, பிறகு 40-க்கு மாற்றுங்கள். பெரும்பாலான செல்களில் உட்கரு உருண்டையாக, சீரான புள்ளிகளோடு, நடுவே உட்கருமணி வெளிறித் தெரிய அமைதியாக இருக்கும். இவை இடைநிலையில் இருப்பவை. ஓய்வெடுப்பதுபோல் தோன்றினாலும், டி.என்.ஏ. முழுவதும் இரட்டிப்பாவது இந்த நிலையில்தான். நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை என்பதே வேறுபாடு. உட்கரு பெரிதாகி, நூல் உருண்டையைக் கலைத்துவிட்டாற்போல இழைகள் தெரியத் தொடங்கினால் அது புரோஃபேஸ். கிரேக்க மொழியில் நூலைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் ஜெர்மானிய அறிவியலர் வால்டர் ஃபிளெமிங் 1882-இல் இந்தப் பிரிதலுக்கு மைட்டாசிஸ் என்ற பெயரை அமைத்தார். சாலமாண்டர் இளவுயிரிகளின் பெரிய செல்களில் இழைகள் நீளவாக்கில் பிளவுபட்டு இருபுறமும் பிரிவதை அவர் கண்டிருந்தார்.

மெட்டாஃபேஸைக் குறித்து ஓர் எச்சரிக்கை வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் குரோமோசோம்கள் செல்லின் நடுவே ஒரு பட்டையாக நிற்கும். ஆனால் நசுக்கும்போது செல் திரும்பிக் கிடந்தால் அதே நிலை நட்சத்திரம்போல விரிந்து தெரியும். பாடநூல் முதல் கோணத்தை மட்டுமே காட்டுவதால், இரண்டாவதைப் பலரும் புரோஃபேஸ் என்று எழுதிவிடுகிறார்கள். இழைகள் குட்டையாகத் தடித்து, உட்கரு உறை மறைந்து, நுனிகள் வெளிநோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் அது மெட்டாஃபேஸே. அனாஃபேஸில், இரட்டித்த குரோமோசோமின் இரு பாதிகளான குரோமாட்டிட்கள் பிரிந்து இரு துருவங்களுக்கும் இழுக்கப்படுகின்றன. அவற்றை இழுக்கும் கதிர்க்கோல் இழை பற்றியிருக்கும் இடமான சென்ட்ரோமியர் முன்னே செல்ல, இரு கரங்களும் பின்னே தொங்குவதால், வெங்காயத்தின் குரோமோசோம்கள் பல ஆங்கில 'வி' எழுத்துப் போல வளைந்திருக்கும். டீலோஃபேஸில் இரு முனைகளிலும் இரண்டு சிவந்த திரள்களும், அவற்றுக்கு நடுவே மெல்லிய கோடும் தெரியும். அந்தக் கோடுதான் செல் தட்டு. விறைத்த செல் சுவரை உடைய தாவரச் செல், விலங்குச் செல்லைப்போல இடுப்பு இறுகி இரண்டாவதில்லை. புதிய சுவரை நடுவிலிருந்து தொடங்கி ஓரங்களை நோக்கிக் கட்டிக்கொண்டு போகிறது.

பார்த்ததோடு நிறுத்தாமல் எண்ண வேண்டும் என்று வலியுறுத்துவேன். கோயிலின் தரிசன வரிசையை மேலிருந்து ஒரே ஒரு படம் எடுத்தால், காத்திருப்புக் கூடங்களில் ஆயிரக்கணக்கானோரும் கருவறை முன் ஓரிருவரும் இருப்பார்கள். ஒவ்வொருவரும் அங்கே நிற்கும் நேரம் அவ்வளவு குறைவு என்பதே காரணம். வேர்நுனியிலும் செல்கள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி வெவ்வேறு நேரங்களில் பிரிவதால், ஒரு நிலையில் காணப்படும் செல்களின் பங்கு அந்த நிலை நீடிக்கும் காலத்தை ஏறக்குறையக் காட்டிவிடும். பல காட்சிப் புலங்களில் 400 செல்களை எண்ணியதில் 40 செல்கள் பிரிந்துகொண்டிருந்தன என்று வைத்துக்கொள்வோம். மைட்டாசிஸ் குறியீடு 10 சதவீதம். அந்த 40-இல் 24 புரோஃபேஸும் 3 அனாஃபேஸும் இருந்து, முழுச் சுழற்சிக்கு 20 மணி நேரம், அதாவது 1200 நிமிடங்கள் என்று கொண்டால், புரோஃபேஸுக்கு 72 நிமிடங்களும் அனாஃபேஸுக்கு 9 நிமிடங்களும் கிடைக்கின்றன. அசையாத செல்களிலிருந்து கடிகாரத்தைப் படிக்க முடிகிறது என்பது இன்றும் எனக்கு வியப்பளிக்கிறது. ஒரே புலத்தில் பிரியும் செல்களை மட்டும் தேடி எண்ணினால் இந்தக் கணக்கு பொய்யாகிவிடும். கண்ணில் படும் ஒவ்வொரு செல்லையும், இடைநிலையில் இருப்பவை உட்பட, எண்ணியே ஆக வேண்டும்.

16 குரோமோசோம்களையும் தனித்தனியே எண்ண விரும்பினால், நிலைநிறுத்துவதற்கு முன் வேர்களை 0.05 சதவீத கோல்ச்சிசின் கரைசலில் இரண்டு மூன்று மணி நேரம் வைக்க வேண்டும். கதிர்க்கோல் உருவாகாமல் அது தடுத்துவிடுவதால், செல்கள் மெட்டாஃபேஸைத் தாண்ட இயலாமல் தேங்குகின்றன. குரோமோசோம்களும் சுருங்கி விலகி நிற்கின்றன. இந்த வேதிப்பொருள் தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பதுதான். கண்வலிக்கிழங்கு என்று விவசாயிகள் அழைக்கும் அந்தச் செடி எவ்வளவு நஞ்சுடையது என்பது கிராமங்களில் எல்லோருக்கும் தெரியும். கரைசலையும் அதே எச்சரிக்கையோடு ஆசிரியரே கையாள வேண்டும். கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில் 1930-களில் பணியாற்றிய இ. கே. ஜானகி அம்மாள் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்தவர். கரும்பில் அந்த எண்ணிக்கை நூறைத் தாண்டுவதும் உண்டு என்பதை நினைத்துப் பார்த்தால், 16-ஐ எண்ணுவதில் நமக்குச் சலிப்பு வராது. குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் குன்றல் பிரிதலைத் தேடுவோருக்கு வேர் பயன்படாது. அதற்கு மலராத இளமொட்டுகளின் மகரந்தப்பையை எடுத்து இதே முறையில் நசுக்க வேண்டும்.

நல்ல ஸ்லைடு கிடைத்துவிட்டால் கவர் ஸ்லிப்பின் நான்கு ஓரங்களிலும் நகப்பூச்சைத் தடவி மூடிவிடுங்கள்; சில நாட்கள் உலராமல் இருக்கும். கிடைக்காவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் இருக்கும் குப்பியிலிருந்து இன்னொரு வேரை எடுத்து, அமிலத்தில் வைத்த நேரத்தை ஒரு நிமிடம் மாற்றி, மீண்டும் செய்யுங்கள்.