பிள்ளைக்குப் பல்லில் கிளிப் போட்டிருக்கிறீர்களா?

கிளிப் மாட்டிய அன்று இரவே வலி தொடங்கலாம். 3, 4 நாளில் பெரும்பாலும் தணிந்துவிடும். கம்பியை இறுக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திரும்ப வரும், பயப்படாதீர்கள். அந்த நாட்களில் கஞ்சி, குழைய வேகவைத்த மரச்சீனி, மட்டிப்பழம் போதும்.

முந்திரிக்கொத்து, நேந்திரங்காய் சிப்ஸ் இரண்டும் சிகிச்சை முடியும்வரை வேண்டவே வேண்டாம். கொடைவிழாவில் பிள்ளை கெஞ்சும், பாவமாகத்தான் இருக்கும். ஆனால் கடித்தால் பிராக்கெட் (கம்பியைப் பிடிக்க ஒவ்வொரு பல்லிலும் ஒட்டியிருக்கும் சின்னத் துண்டு) பெயர்ந்துவிடலாம்.

கம்பி கன்னத்தில் உரசினால் டாக்டர் தரும் மெழுகை அங்கே ஒட்டுங்கள். உப்புநீரில் கொப்பளிப்பதும் இதம்.

பல் துலக்குவதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு. அழுக்கு தங்கினால் கிளிப்பைக் கழற்றும்போது பல்லில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். அப்புறம் ரிடெய்னர், அதாவது கிளிப்பைக் கழற்றிய பிறகு பல் நகராமல் இருக்கப் போடுவது: டாக்டர் சொல்லும் காலம்வரை போடாவிட்டால் பல் மறுபடி நகரும்.