ரத்தம் ஏற்றும்போது பக்கத்தில் இருப்பவர் என்ன கவனிக்க வேண்டும்?

வீட்டில் யாருக்காவது ரத்தம் ஏற்றணும் என்று சொன்னதும் எல்லோரும் முதலில் தேடுவது, யார் யாருக்குக் கொடுக்கலாம் என்ற அட்டவணையைத்தான். அதை மனப்பாடம் செய்ய வேண்டாம், ஒரு விஷயம் புரிந்தால் நீங்களே எழுதிவிடலாம்.

சிவப்பணுவின் மேல் ஏ, பி என்று இரண்டு அடையாளங்கள். ஏ மட்டும் இருந்தால் ஏ குரூப், பி மட்டும் என்றால் பி, இரண்டும் இருந்தால் ஏபி, இரண்டுமே இல்லை என்றால் ஓ. நம்மிடம் எந்த அடையாளம் இல்லையோ, அதை அடிக்கும் எதிர்ப்பொருள் நம் பிளாஸ்மாவில் (ரத்தத்தின் நீர்ப்பகுதி) தயாராக இருக்கும், வாழ்நாளில் ஒரு முறைகூட ரத்தம் ஏற்றிக்கொள்ளாதவருக்கும் இருக்கும். அதனால்தான் ஏ குரூப்காரர் உடம்பில் பி ரத்தம் போனால் உள்ளே போன அணுக்கள் உடைந்து சிதறுகின்றன. ஓ சிவப்பணுவில் அடிக்க எதுவும் இல்லை, எனவே அவசரத்துக்கு, அதுவும் ஓ நெகட்டிவ் என்றால், கிட்டத்தட்ட யாருக்கும் போகும். பிளாஸ்மா ஏற்றினால் கணக்கு அப்படியே தலைகீழ், அங்கே எல்லோருக்கும் பொருந்துவது ஏபி. ஜேம்ஸ் பிளண்டெல் 1818இலேயே ஒரு மனிதர் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றிப் பார்த்தார், ஆனால் அந்தக் காலத்தில் ஏன் சிலர் பிழைத்தார்கள், சிலர் செத்தார்கள் என்று யாருக்கும் புரியவில்லை. கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் 1901இல் இந்தக் குரூப்களைச் சொன்ன பிறகுதான் விடை கிடைத்தது.

பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது டி என்ற இன்னொரு அடையாளம். இதற்கு எதிர்ப்பொருள் முன்கூட்டியே இருக்காது, நெகட்டிவ்காரர் உடம்பில் பாசிட்டிவ் ரத்தம் கலந்த பிறகுதான் உருவாகும். நெகட்டிவ் தாய்க்குப் பாசிட்டிவ் குழந்தை பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போடுவது இதற்காகத்தான், அடுத்த குழந்தையைக் காப்பாற்ற.

குரூப் பார்க்கும் விதம் தெரியுமா? வெள்ளைத் தட்டில் மூன்று சொட்டு ரத்தம், ஒன்றில் நீல நிற மருந்து (ஆன்டி-ஏ, அதாவது ஏ அடையாளத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்), அடுத்ததில் மஞ்சள் (ஆன்டி-பி), மூன்றாவதில் ஆன்டி-டி. கலக்கி லேசாக ஆட்டினால், அந்த அடையாளம் உள்ள சொட்டு மட்டும் பால் திரிந்த மாதிரி சின்னச் சின்னத் திட்டாகப் பிரியும், மற்றவை வழுவழுவென்று அப்படியே இருக்கும். நீலத்திலும் டியிலும் திரிந்தால் ஏ பாசிட்டிவ். நீலம், மஞ்சள் இரண்டிலும் திரியாவிட்டால் ஓ, ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. 1952இல் கண்டுபிடிக்கப்பட்ட பாம்பே குரூப் என்ற அரிய வகையும் இந்தத் தட்டில் ஓ மாதிரியே தெரியும், அவருக்கு ஓ ரத்தமும் ஆகாது. அதனால் "குரூப்தான் தெரியுமே, கிராஸ் மேட்ச் (கொடுப்பவர் ரத்தமும் நோயாளி ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று கலந்து பார்ப்பது) எதுக்கு" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. பெரிய விபத்து பெரும்பாலும் ஆய்வகத்தில் நடப்பதில்லை, கட்டிலுக்குப் பக்கத்தில் பெயர் மாறுவதால் நடக்கிறது. மாதிரி எடுக்கும்போது "நீங்க இன்னார்தானே?" என்று கேட்டால் அரைத்தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். "உங்க பேர் என்ன?" என்று கேட்கச் சொல்லுங்கள். குழாயில் பெயர் ஒட்டுவதும் அங்கேயே, அப்போதே நடக்கணும். பை வந்ததும் கைப்பட்டையில் உள்ள பெயர், எண், பையில் உள்ள குரூப், காலாவதித் தேதி எல்லாவற்றையும் இரண்டு பேர் சத்தமாக வாசித்துச் சரிபார்க்கட்டும், நீங்களும் எட்டிப் பாருங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பை ஜில்லென்று இருக்கிறதே என்று வெந்நீரில் வைக்கக் கூடாது, அணுக்கள் உடைந்துவிடும். சிவப்பணு 2 முதல் 6 டிகிரியில் இருந்து வந்தது, அப்படித்தான் இருக்கும். வெளியே எடுத்தால் அரை மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, 4 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். அதே குழாயில் சாதாரண சலைன் தவிர வேறு எந்த மருந்தும் போகக் கூடாது.

முதல் 15 நிமிடம் மெதுவாகத்தான் ஓடும். அந்த நேரத்தில் டீ குடிக்கப் போகாதீர்கள். குளிர் நடுக்கம், காய்ச்சல், முதுகு அல்லது இடுப்பு வலி, மூச்சுத் திணறல், தடிப்பு, காரணமே இல்லாத ஒரு பதற்றம், இதில் எது வந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். ஊசியை எடுக்க மாட்டார்கள், குழாயை மாற்றி சலைன் ஓட்டுவார்கள். மீதிப் பையைத் தூக்கிப் போடாமல் பரிசோதனைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

ஒன்றும் ஆகாமல் வீட்டுக்கு வந்துவிட்டாலும் இரண்டு வாரம் ஒரு கண் வையுங்கள். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்துப் போனாலோ மருத்துவரிடம் போய், முதல் வாக்கியமாகவே சமீபத்தில் ரத்தம் ஏற்றியதைச் சொல்லுங்கள்.