அப்பாவின் சிறுநீர்த் தொந்தரவை டாக்டரிடம் கொண்டுபோவது எப்படி

பிள்ளைகளோடு வந்து குடியேறிய வயதான ஆண்களுக்கு ஆஸ்பத்திரியில் மொழிபெயர்த்துச் சொல்வது என் வேலை. அரபு, சோமாலி, வங்காளம் பேசும் பெரியவர்களுக்கு என் சக ஊழியர்கள் சொல்கிறார்கள். எந்த ஊர்க்காரரானாலும் முதல் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்."

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, அறைக்குள் யார் இருக்கிறார்கள் என்பது. மகள் பக்கத்தில் இருந்தபோது ஒரு பெரியவர் "ராத்திரி ரெண்டு தடவை எழுந்திருப்பேன், அவ்வளவுதான்" என்றார். அவள் வெளியே போனதும், அடக்க முடியாமல் கசிவதையும், உள்ளாடைக்குள் துணி மடித்து வைப்பதையும், அதனாலேயே வெளியே போவதை விட்டதையும் சொன்னார். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும், முடிந்தால் ஆண் என்று கேளுங்கள். மகனோ பேரனோ அந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

போவதற்கு முன் 3 நாள் கணக்கு எழுதச் சொல்லுங்கள். அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் கப் ஒன்றைக் கழிவறையிலேயே வைத்துவிடுங்கள். எத்தனை மணிக்கு, எத்தனை மில்லி, அவசரமா, கசிந்ததா, என்ன குடித்தார், எப்போது படுத்தார், எப்போது எழுந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் கப்பைப் போனில் படம் எடுத்தால் போதும், நேரம் அதிலேயே பதிவாகிவிடும். காலையில் எழுந்ததும் போவதை இரவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வயதானவருக்கு ஒரு நாள் மொத்த அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போனால், புரோஸ்டேட்டை (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) மட்டும் குறை சொல்ல முடியாது. கால்வீக்கம், இதயக் கோளாறு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது என்று வேறு காரணங்களையும் பார்ப்பார்கள். இந்தக் காகிதம் இல்லாமல் டாக்டர் ஊகம்தான் செய்ய முடியும்.

சிறுநீர்த் தொந்தரவு எவ்வளவு என்று அளக்க டாக்டர்கள் தரும் ஐபிஎஸ்எஸ் படிவத்தில் 7 கேள்விகள், மொத்தம் 35 மதிப்பெண். 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை. பல மொழிகளில் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்; ஊரிலிருந்து வரும் சூரணம், லேகியம் உட்பட. சில சளி மாத்திரைகள் சிறுநீரை அடைத்துவிடும்.

புரோஸ்டேட் வீக்கம் புற்றுநோய் அல்ல என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பலர் அந்தப் பயத்தில்தான் ஒளிக்கிறார்கள். ஆசனவாய் வழியாக விரலால் சோதிக்கலாம் என்பதையும் வீட்டிலேயே சொல்லுங்கள். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ புரோஸ்டேட் புற்றுநோய் இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லட்டும். ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். அவர்கள் பிஎஸ்ஏ (புரோஸ்டேட்டில் கோளாறு இருக்கலாம் என்று காட்டும்) ரத்தப் பரிசோதனை பற்றிச் சீக்கிரமே கேட்பது நல்லது.

அடிவயிறு வலித்தும் சிறுநீர் வரவே இல்லையா, குளிர்காய்ச்சலோடு எரிகிறதா, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் வந்தால், வலி இல்லாவிட்டாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

சிறுநீர் எளிதாகப் போக டாம்சுலோசின் மாத்திரை கொடுத்தால் படுக்கையிலிருந்து மெதுவாக எழச் சொல்லுங்கள், தலை சுற்றலாம். கண்புரை ஆபரேஷனுக்கு முன் கண் டாக்டரிடமும் அந்த மாத்திரையைச் சொல்ல வேண்டும். புரோஸ்டேட்டைச் சுருக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை முழுப் பலன் காட்ட 6 மாதம்கூட ஆகும். ஒரு மாதத்தில் "கேட்கல" என்று தானாக நிறுத்திவிடாமல் டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள்.