பிளீச்சும் டாய்லெட் கிளீனரும்: சேர்த்து ஊற்றுவது முதல் தவறு

கறை விடாவிட்டால் பலரும் டாய்லெட் கிளீனர் ஊற்றிய இடத்திலேயே பிளீச்சையும் ஊற்றுகிறார்கள். இரண்டும் சேர்ந்தால் இருமடங்கு சுத்தம் என்று கணக்கு. பிளீச்சில் சோடியம் ஹைப்போகுளோரைட் இருக்கிறது. டாய்லெட் கிளீனர் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கலந்ததும் குளோரின் வாயு கிளம்பும். காற்றைவிட ஏறக்குறைய 2.5 மடங்கு கனமானது, தரையை ஒட்டித் தங்கும். குனிந்து தேய்ப்பவருக்குத்தான் முதல் அடி. வினிகரும் அமிலம்தான், அதையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது. அமோனியா உள்ள கண்ணாடி கிளீனரோடு சேர்ந்தால் குளோராமின் வாயு வரும். சிறுநீர் தேங்கிய இடத்திலும் இதே ஆபத்து உண்டு. தண்ணீர் விட்டு நன்றாக அலசிய பிறகே பிளீச்.

மூக்கில் நெடி ஏறினால் கழுவிவிட்டுப் போகலாம் என்று அங்கேயே நிற்காதீர்கள். உடனே வெளியே வந்துவிடுங்கள். துணி முகக்கவசம் வாயுவைத் தடுக்காது. மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் கூடலாம் என்பதால், இருமல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

அளவிலும் தவறு நடக்கிறது. 5 சதவீத பிளீச்சை 0.1 சதவீதமாக்க 20 மி.லி. பிளீச்சுக்கு 980 மி.லி. தண்ணீர் போதும். வெந்நீர் வேண்டாம், மருந்து சிதைந்து வீரியம் போய்விடும். அழுக்கின் மேல் நேரடியாக ஊற்றுவதும் வீண்: கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரினை அழுக்கே தின்றுவிடும். முதலில் சோப்பு போட்டுக் கழுவி, அலசி, பிறகு பிளீச். கரைத்ததை அன்றன்றே தீர்த்துவிடுங்கள்.

அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாவைப் போட்டும் குழாய் திறக்கவில்லையா? அதன் மேல் அமிலம் ஊற்றாதீர்கள். சூடேறிக் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமான பழக்கம், மிச்சத்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பது. குழந்தைக்கு அது குடிக்கும் பாட்டில்தான். எடுத்துக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. இறங்கும்போது உணவுக்குழாயைச் சுட்ட அமிலமோ காரமோ ஏறும்போதும் சுடும். மண்ணெண்ணெய் என்றால் நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவமனைக்குப் போகும்போது அந்த பாட்டிலையும், லேபிள் உள்ள அசல் பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள்.